பட்டாவுக்கு மானியம், உழைப்புக்கு என்ன? வேளாண், மீன்பிடி உதவித்தொகைகளும் வடசென்னையின் நிலமற்ற தலித் உழைப்பாளர்களும்

உழவர்களுக்கு அரசு நேரடியாக வழங்கும் பணத்தைப் பற்றிய விவாதங்களில் இரண்டு கேள்விகளே திரும்பத் திரும்ப எழுகின்றன. தொகை போதுமானதா என்பது ஒன்று. தகுதியற்றவர்கள் அதைப் பெறுகிறார்களா என்பது மற்றொன்று. மூன்றாவது கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது: அரசின் கணக்கில் யார் உழவர்? வயலில் இறங்கி நாற்று நடுபவரா, வயலுக்குப் பட்டா வைத்திருப்பவரா? இந்தக் கேள்விக்கான விடையில்தான் தலித் மக்களின் பங்கு தீர்மானிக்கப்படுகிறது.

இக்கேள்வியை வடசென்னையில் இருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் ஆகியவற்றின் நிலமாக இன்று அறியப்படும் இப்பகுதி, நெல் வயல்களும் உப்பளங்களும் கழிமுகமும் சேர்ந்த நிலமாக இருந்தது. மணலியை ஒட்டிய சடையங்குப்பம், இடையஞ்சாவடி ஆகியவை 2011 வரை தனி ஊராட்சிகள். அவற்றுக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி வட்டாரங்களில் இன்றும் நெல் விளைகிறது. உழவருக்கான உதவியும் மீனவருக்கான நிவாரணமும் நில எடுப்புக்கான இழப்பீடும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் சந்திக்கும் இடம் இது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே விதி தெரிகிறது: அரசின் பணம் உழைப்பைத் தேடிச் செல்வதில்லை, ஆவணத்தைத் தேடிச் செல்கிறது.

பிரதமரின் உழவர் நிதி: விதிகள் சொல்வது என்ன?

பி.எம். கிசான் எனப்படும் பிரதமரின் உழவர் நிதியுதவித் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்டது. ஓர் உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாகத் தலா 2,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ள சிறு, குறு உழவர்களுக்கு மட்டுமே எனத் தொடங்கிய இத்திட்டம், சில மாதங்களுக்குள் நிலம் வைத்திருக்கும் அனைத்து உழவர் குடும்பங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோர், அரசு ஊழியர்களில் பெரும்பாலோர், மருத்துவர், வழக்கறிஞர் போன்ற தொழில்முறையாளர்கள் விலக்கப்பட்டுள்ளனர்.

விரிவாக்கம் நிகழ்ந்த திசையை நாம் கவனிக்க வேண்டும். 2 ஹெக்டேருக்கு மேல் நிலம் உள்ளவர்களை நோக்கித் திட்டம் விரிந்தது. குத்தகைதாரரையோ கூலித் தொழிலாளரையோ நோக்கி அது விரியவில்லை. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்பவர் இத்திட்டத்தின்படி உழவர் அல்லர். நிலப் பதிவேட்டில் பெயர் இருப்பதே உழவருக்கான இலக்கணம்.

இன்னொரு விதி இதைவிடக் கடுமையானது. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே தகுதியைத் தீர்மானிக்கும் நாள். அதற்குப் பிறகு நிலம் வாங்கியவர் தகுதி பெறுவதில்லை. வாரிசுரிமையாக நிலம் பெற்றவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பரம்பரைச் சொத்துள்ளவருக்குக் கதவு திறந்திருக்கிறது; முதல் தலைமுறையாக நிலம் வாங்குபவருக்கு அது மூடப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு, நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் வேளாண் தொழிலாளர்கள் நிலம் வாங்குவதற்காகத் தாட்கோ மூலம் 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தை' 2023-இல் கொண்டுவந்தது. நிலத்தின் மதிப்பில் 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியமாகக் கிடைக்கிறது. மாநில அரசின் மானியத்தில் நிலம் வாங்கி உழவராகும் ஒரு தலித் பெண்ணை, ஒன்றிய அரசின் நாள்விதி உழவராக ஏற்க மறுக்கிறது. இது எழுத்தரின் பிழையன்று. திட்டத்தின் கட்டமைப்பிலேயே உள்ளது.

2020-இல் தமிழ்நாட்டில் இத்திட்டத்தில் பெரும் முறைகேடு வெளிப்பட்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் பயனாளிகளாகப் பதிவு செய்யப்பட்டிருந்தனர். பணம் மீட்கப்பட்டது, கைதுகள் நடந்தன, அது சரியே. ஆனால், போலிகள் எப்படி உள்ளே வந்தார்கள் என்று விசாரித்த அதே காலத்தில், உண்மையில் உழுபவர்கள் ஏன் வெளியே நிற்கிறார்கள் என்று எவரும் விசாரிக்கவில்லை. 2025-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய உழவர் தனித்துவ அடையாள எண் வழங்கலும் நில ஆவணத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. இனிவரும் திட்டங்களுக்கெல்லாம் அதுவே நுழைவுச் சீட்டாகுமானால், நிலமற்றவரின் விலக்கம் நிரந்தரமாகிவிடும்.

மற்ற மானியங்களின் நிலை

மாநில அரசின் உதவிகளும் பெரும்பாலும் இதே வழியில்தான் செல்கின்றன. பம்புசெட்டுகளுக்கான இலவச மின்சாரம் தமிழ்நாட்டு உழவர் இயக்கங்கள் உயிர்ப்பலி கொடுத்துப் பெற்ற உரிமை. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், கிணறும் அதற்குரிய நிலமும் உள்ளவருக்கே அது பயன்படும். 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி செய்யப்பட்டது, 16.43 லட்சம் உழவர்கள் பயனடைவர் என அரசு அறிவித்தது. கடன் தள்ளுபடியாக வேண்டுமானால் முதலில் கடன் கிடைத்திருக்க வேண்டும். கடன் கிடைக்கச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். அவை இல்லாதவர் தனியாரிடம் வட்டிக்கு வாங்கிய கடனுக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது.

பேரிடர் நிவாரணமும் இப்படியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமடைந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அலகு ஹெக்டேர். பயிர் அழிந்ததால் களையெடுப்பும் அறுவடையும் இல்லாமற் போன தொழிலாளரின் கூலி நாட்களை அளக்கும் அலகு எதுவும் அந்த விதிமுறையில் இல்லை. நிலமற்ற தொழிலாளரையும் உள்ளடக்கும் திட்டம் என்று சொல்லத்தக்கது முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம். கல்வி, திருமணம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு அது உதவுகிறது. ஆனால், அது நலவாரியம் போன்ற உதவி; சாகுபடிக்கான ஆதரவு அன்று.

நூறு நாள் வேலையும் இங்கே நினைவுகூரத்தக்கது. ஊரக வேலை உறுதித் திட்டம் ஊராட்சிகளுக்கு உரியது. 2011-இல் சென்னை மாநகராட்சியின் எல்லை விரிந்தபோது, மணலியைச் சுற்றியிருந்த ஊராட்சிகளின் வேளாண் தொழிலாளர்கள் ஒரே அறிவிப்பில் நகரவாசிகளாயினர். வயலும் சேரியும் இருந்த இடத்திலேயே இருந்தன. வேலை கேட்கும் சட்ட உரிமை மட்டும் அகன்றது.

பட்டா யாரிடம் சேர்ந்தது?

ஆவணத்தின் வழியே பணம் செல்வது நடுநிலையான ஏற்பாடாகத் தோன்றலாம். ஆவணம் யார் கையில், எப்படிச் சேர்ந்தது என்று பார்க்கும்போதுதான் அதன் சாதி வெளிப்படும்.

திருவொற்றியூரும் பொன்னேரியும் அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டம் மிராசு முறையின் மையமாக இருந்தது. மிராசுதாரர்கள் பயிரிட்ட நிலத்தின் மீது மட்டுமின்றி, ஊரின் தரிசு நிலத்தின் மீதும் முன்னுரிமை கோரினர். தரிசை உழுது பயிரிடப் பறையர் ஒருவர் விண்ணப்பித்தால், மிராசுதாரர் அதைத் தடுக்க முடிந்தது. குடியிருந்த சேரி நிலம்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. கூலி கேட்டால் வீட்டை விட்டு வெளியேற்றும் அச்சுறுத்தல் இருந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்த தம் அறிக்கையை 1891-இல் அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறப்பிக்கப்பட்ட அரசாணை, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒதுக்க வழிசெய்தது. அதுவே இன்று நாம் பஞ்சமி நிலம் என்று அழைப்பது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று பிறர் கைகளில் உள்ளது. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். காரணை என்ற ஊரின் பெயர் தலித் நில உரிமை வரலாற்றில் நிலைத்தது அப்போதுதான். இந்த வரலாற்றின் விளைவை இன்றைய மானியத்தில் காணலாம். பஞ்சமி நிலத்தை ஆக்கிரமித்தவரின் பெயர் வருவாய்ப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அந்நிலத்துக்கான உழவர் நிதியும் பயிர்க்கடனும் இழப்பீடும் அவரைத் தேடியே செல்லும். நிலம் ஒருமுறை பறிக்கப்படுகிறது. அதன் பயன் ஒவ்வொரு தவணையிலும் பறிக்கப்படுகிறது.

நாடு தழுவிய கணக்கும் இதையே காட்டுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் இந்திய மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிக் கைப்பற்றுகளின் எண்ணிக்கையில் அவர்களது பங்கு ஏறத்தாழ 12 விழுக்காடு. பரப்பில் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலத்தின் அளவுக்கேற்ப வழங்கப்படும் எந்த உதவியிலும் இந்த இடைவெளி அப்படியே பிரதிபலிக்கும். ஆயினும், பி.எம். கிசானுக்கான ஒதுக்கீட்டின் ஒரு பகுதி ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் பட்டியல் சாதியினர் நலனுக்கான நிதியின் கீழ்க் கணக்குக் காட்டப்படுகிறது. நிலமற்ற சமூகத்தின் பெயரில் ஒதுக்கப்படும் நிதி, நிலத்தைத் தகுதியாகக் கொண்ட திட்டத்தில் சேர்க்கப்படுகிறது. இம்முரணை நாம் உரக்கப் பேச வேண்டும்.

கடலும் கழிமுகமும்: படகு என்ற பட்டா

வயலில் பட்டா செய்வதைக் கடற்கரையில் படகும் மீனவர் பட்டியலும் செய்கின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. இக்காலத்துக்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். பட்டியலில் உள்ள கடல் மீனவக் குடும்பங்களுக்கு இது தேவையான உதவி. இன்றைய விலைவாசியில் குறைவான உதவியும்கூட. ஆனால், இராயபுரம் காசிமேட்டுத் துறைமுகத்தை நம்பி வாழ்பவர்கள் மீனவர்கள் மட்டுமல்லர். சுமை தூக்குவோர், ஐஸ் உடைப்போர், கூடை சுமப்போர், மீன் வெட்டும் பெண்கள் ஆகியோருக்கும் அந்த 61 நாட்களில் வேலை சுருங்குகிறது. மீனவர் என்ற வரையறைக்குள் வராதவருக்குத் தடைக்காலம் கூலியில்லாக் காலம் மட்டுமே.

எண்ணூர்க் கழிமுகத்தில் நிலை இன்னும் சிக்கலானது. கொசஸ்தலை ஆற்றிலும் அதன் வடக்கே பழவேற்காட்டிலும், படகும் வலையும் இன்றி நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்கள் உள்ளனர். பழவேற்காடு ஏரியில் 'பாடு' எனப்படும் முறைப்படி, மீன்பிடி இடங்கள் மரபான மீனவச் சாதியினரிடையே சுழற்சி முறையில் பகிரப்படுகின்றன. அந்தச் சுழற்சியில் இடமில்லாத தலித்துகளும் பழங்குடியினரும் எஞ்சிய நீரில்தான் பிழைக்க வேண்டும். ஊரின் தரிசு நிலத்தில் மிராசுதாரர் கோரிய முன்னுரிமையை இது நினைவூட்டுகிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணம் மூன்று அடுக்குகளாக இருந்தது: பாதிக்கப்பட்ட மீனவ ஊர்களின் 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், திருவொற்றியூர் வட்டத்தின் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். படகைச் சரிசெய்யப் பணம் தருவது நியாயமே. ஆனால், கையையே கருவியாகக் கொண்டவருக்கு இந்த அட்டவணையில் எந்த அடுக்கு? எண்ணெய் படிந்த சேற்றில் முதலில் இறங்குவது அவருடைய உடல்தான். ஊரின் எல்லை, படகின் எண், குடும்ப அட்டையின் முகவரி ஆகியவற்றை வைத்துப் பட்டியல் தயாரிக்கும் முறை, நீரோடு அவருக்குள்ள உறவை எண்ணிக்கையில் கொண்டுவருவதில்லை.

உழைப்பை அங்கீகரித்த சட்டம்

ஆவணமில்லாதவரை அரசால் அடையாளம் காண முடியாது என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. அது உண்மையன்று. 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதை வரையறுக்கும்போது நில உரிமையாளரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எடுக்கப்படும் நிலத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்து பிழைத்த வேளாண் தொழிலாளர், குத்தகைதாரர், வாரம் பயிரிடுவோர், கைவினைஞர் ஆகியோரையும், நீர்நிலையை நம்பி வாழும் மீனவர், படகோட்டி ஆகியோரையும் அது சேர்த்துக்கொள்கிறது. அவர்களுக்கு வேலை, அல்லது ஒருமுறை 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என மறுவாழ்வுக்கு வழி சொல்கிறது.

இக்குடும்பங்களை அடையாளம் காணும் முக்கியக் கட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு. தமிழ்நாடு அரசு 2014-இல் கொண்டுவந்த திருத்தம், மாநிலத்தின் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் உள்ளிட்ட மூன்று சட்டங்களை அந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் அச்சட்டங்களின்படியான எடுப்புகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாநில அரசு அதே ஆண்டு அவற்றைப் புதுப்பிக்கும் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் 2021-இல் அதை ஏற்றது. இழப்பீடும் மறுவாழ்வும் தாளில் உள்ளன. யாருக்கு என்று கண்டறியும் படிதான் நீக்கப்பட்டுள்ளது. துறைமுக, தொழிற்பூங்கா விரிவாக்கங்கள் தொடரும் எண்ணூர், காட்டுப்பள்ளி வட்டாரத்துக்கு இதன் பொருள் மிகத் தெளிவானது.

பிற மாநிலங்கள் வேறு வழிகளையும் காட்டியுள்ளன. ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களுக்கு ஆடு, கோழி வளர்ப்பு, காளான், மீன்பிடி போன்ற தொழில்களுக்காக 12,500 ரூபாய் வழங்க வகைசெய்தது. ஆந்திரம் 2019-இல் தொடங்கிய ரைத்து பரோசா திட்டத்தில், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை வகுப்புகளைச் சேர்ந்த நிலமற்ற குத்தகை உழவர்களும் ஆண்டுக்கு 13,500 ரூபாய் பெறத் தகுதியுடையவர் ஆயினர். அதே ஆண்டு இயற்றப்பட்ட சாகுபடியாளர் உரிமைச் சட்டம், குத்தகைதாரருக்கு 11 மாத காலத்துக்கான அட்டை வழங்கியது. நில உரிமையாளரின் பட்டாவுக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. நடைமுறையில் இவற்றிலும் குறைகள் இருந்தன. ஆனால், 'முடியாது' என்ற வாதம் அத்துடன் முடிந்துவிட்டது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, பதிவேடுகளைக் கேட்டுப் பெற வேண்டும். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் 'அ' பதிவேடும் பழைய நிலவரித் திட்டப் பதிவேடும் உண்டு. இரண்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பெற்று ஒப்பிட்டால், பஞ்சமி நிலம் என்ற குறிப்பு எந்தப் புல எண்ணில் இருந்தது, எப்போது மறைந்தது என்பது தெரியவரும். கல்லூரி மாணவர்கள் குழுவாகச் செய்யத்தக்க பணி இது.

இரண்டாவதாக, குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தும், வாய்மொழிக் குத்தகையே பெருமளவில் தொடர்கிறது. பதிவுக்கு விண்ணப்பிப்பவர் நிலத்தை இழக்கும் அபாயம் உண்டு என்பதால், தனியாளாக அன்றி அமைப்பாகவே இதை முன்னெடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, நிவாரணப் பட்டியல்களை மக்கள் மன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஊராட்சிகளில் கிராம சபையும், மாநகராட்சி வட்டங்களில் பகுதி சபையும் உள்ளன. எண்ணூர், திருவொற்றியூர் பகுதி சபைகளில் பயனாளிகள் பட்டியலை வாசிக்கக் கோருவதும், விடுபட்ட கைத்தொழில் மீனவர், சுமைப்பணியாளர் ஆகியோரின் பட்டியலை மக்களே தயாரித்து அளிப்பதும் அடுத்த பேரிடருக்கு முன்பே நடக்க வேண்டும். வெள்ளம் வந்தபின் தயாராகும் பட்டியலில் எப்போதும் ஆவணமுள்ளவரே முதலில் இடம்பெறுவர்.

நான்காவதாக, சட்ட அளவிலான கோரிக்கைகள். உழவர் நிதியில் 2019 பிப்ரவரி 1 என்ற நாள்விதியை நீக்க வேண்டும். குறைந்தபட்சம், அரசுத் திட்டங்களின் மூலம் நிலம் பெற்ற பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும். உழவர் அடையாள எண்ணில் குத்தகைதாரருக்கும் வேளாண் தொழிலாளருக்கும் தனிப் பிரிவு வேண்டும். தமிழ்நாடு 2024-இல் இயற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் நிதியில் நிலமற்ற வேளாண், கழிமுக உழைப்பாளர்களுக்கான நேரடி ஆதரவு இடம்பெற வேண்டும். தொழில் நோக்க நில எடுப்புகளுக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட வேண்டும்.

நிலமுள்ள சிறு உழவருக்கோ படகுள்ள மீனவருக்கோ கிடைக்கும் உதவியைக் குறைக்க நாம் கோரவில்லை. அவர்களும் நெருக்கடியில்தான் உள்ளனர். தொழிற்பட்டியின் நச்சு அவர்களையும் சேர்த்தே அழிக்கிறது. நாம் கோருவது வரையறையின் மாற்றம். உழுபவர் உழவர், நீரில் இறங்கிப் பிடிப்பவர் மீனவர் என்று அரசின் பதிவேடு ஏற்கும்வரை, ஒவ்வொரு தவணை மானியமும் நிலத்தில் உள்ள சாதி ஏற்றத்தாழ்வை வங்கிக் கணக்கிலும் எழுதிக்கொண்டே இருக்கும்.